சாவா மூவாப் பேராடு

அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. பாபநாசம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் இருந்த மில் அது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். புழுங்கல் அவியும் வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். களத்தில் பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். அப்பா சாய்வு மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சிட்டாவைப் பார்த்து நாள்வழியில் எழுதுவார், நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். அந்தப் பேரேட்டில் பிள்ளையார் சுழிக்கு அடுத்து வரும் முதல் கணக்கின் தலைப்பு ‘மகமை’.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்காக எடுத்துவைக்கும் காசுதான் மகமை. விருதுநகர் பக்கம் பள்ளிக்கூடங்களே மகமைக் காசில் எழுந்தன. எங்கள் மில்லில் மூட்டைக்கு 10 பைசா. வருடம் முழுக்கச் சேர்ந்த காசில் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் அன்னதானம் நடக்கும். நோட்டீஸில் ‘உபயம்’ என்று போட்டு முதலாளியின் பெயர் இருக்கும்.

பத்தாவது படித்தபோது கூட்டல் சரிபார்க்க அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மகமைக் காசு முதலாளியின் லாபத்திலிருந்து வரவில்லை. நெல் கொண்டுவந்து போட்ட குடியானவரின் சீட்டில் பிடித்தமாக வந்திருந்தது.

“இது அவங்க காசுதானப்பா? அப்புறம் ஏன் முதலாளி பேரு போடுறாங்க?”

“கூட்டல் சரியா இருக்கான்னு பாரு. நோட்டீஸை விடு” என்றார் அப்பா.

நான் விடவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக அது மனதில் இருக்கிறது. பணம் படைத்தவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பேரேட்டின் முதல் பக்கம்தான் ஞாபகம் வரும். அதே பேரேட்டில் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முதலாளிக்கு நியாயம் செய்ததாகாது.

நான் பிளஸ் டூ படித்தபோது மூட்டை தூக்கும் ஒருவர், மூட்டைகளை அடுக்கிய அட்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. முதலாளி தன் காரிலேயே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். செலவைக் கொடுத்தார். நேரில் போயும் பார்த்தார். மூன்று மாதத்தில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அப்பா மட்டும் வாராவாரம் அந்த வீட்டுக்கு 25 ரூபாய் கொடுத்தனுப்பி மகமைக் கணக்கில் எழுதிவந்தார். யாரையும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் முதலாளி பேரேட்டைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டுவிட்டது.

“என்ன கணக்கப்பிள்ளை இது?”

“அந்த ஆளு வீட்டுக்குங்க. தப்புன்னா என் சம்பளத்துல கழிச்சுக்குங்க.”

முதலாளி கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம், “எழுதுங்க. நிறுத்த வேணாம்” என்றார். மில் மூடும்வரை, பதினொரு வருடம், அந்தக் காசு போனது. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் படிப்பை விடவில்லை. அன்னதானச் சாப்பாட்டை நானும் வருடாவருடம் சாப்பிட்டிருக்கிறேன். வயிறாரத்தான் போட்டார்கள். ஆனாலும் அந்த முதலாளியை நான் மனதார வணங்குவது அந்த ‘நிறுத்த வேணாம்’ என்ற வார்த்தைக்காகத்தான்.

அந்த மில் ஓடியதற்குப் பின்னாலும் தொழிலதிபர்களின் கதை ஒன்று இருக்கிறது. டெல்டாவில் பெரிய தொழில் என்று சொன்னால் முன்பெல்லாம் நெல் அரைப்பதுதான். அதை நீராவியிலும் ஆயில் என்ஜினிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அந்தக் காலத்தில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் கொடுத்தது சவுத் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். அதை நடத்தியவர்கள் ஆர். சேஷசாயி, வி. சேஷசாயி என்ற இருவர். பெயர் ஒன்றாக அமைந்த உறவினர்கள். ஊரில் ‘சேஷசாயி பிரதர்ஸ்’ என்றே சொல்வார்கள். மேட்டூர் கெமிக்கல்ஸ் அவர்கள் கட்டியது. கேரளத்து ஆலுவாயில் உரத்தொழிற்சாலை வந்ததிலும் அவர்கள் கை உண்டு.

இவர்களைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கொடை என்றால் கோயில், சாப்பாடு, கல்லூரி என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. தெருவில் விளக்கு எரிந்ததையும், மில்லில் ஹல்லர் சுற்றியதையும் நாம் கொடையாக எண்ணுவதில்லை. அது வியாபாரம், லாபம் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்று நகர்ந்துவிடுகிறோம். தொழிலை ஒழுங்காகச் செய்வதே ஒரு தொழிலதிபர் ஊருக்குச் செய்யும் முதல் உதவி என்று நான் நம்புகிறேன். கூலியைச் சரியாகக் கொடுப்பதும், எடையில் கைவைக்காமல் இருப்பதும் அதில் சேர்த்திதான். அவர்கள் அதோடு நிற்கவும் இல்லை. 1952இல் திருச்சியில் அவர்கள் பெயரில் ஒரு பாலிடெக்னிக் வந்தது. அரசு உதவி பெறும் நிறுவனமாக இன்றும் நடக்கிறது. என் வகுப்பில் படித்த இரண்டு பேர் அங்கே டிப்ளமோ முடித்தார்கள். இரண்டு பேர் வீட்டிலும் அதற்கு முன் யாரும் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியதில்லை.

1950களின் நடுவில் இந்த டெல்டாவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. 1955இல் மாயவரத்துக்குப் பக்கத்தில் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி. அன்பநாதபுரம் வகையறா என்ற குடும்பத்தின் அறக்கட்டளை தொடங்கியது. அதே 1955இல் கடலோரம் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. வணிகக் குடும்பத்தின் மதரஸா அறக்கட்டளையான எம்.கே.என். டிரஸ்ட் தொடங்கியது. அடுத்த வருடம், 1956இல், பூண்டியில் புஷ்பம் கல்லூரி. வீரையா வாண்டையார் தொடங்கியது. இரண்டே வருடத்தில் மூன்று கல்லூரி. ஒன்று தர்மச் சொத்தில், ஒன்று வியாபாரப் பணத்தில், ஒன்று நிலத்தில் வந்த பணத்தில். மூன்றும் பெரிய நகரத்தில் வரவில்லை. வயல் நடுவிலும் கடலோரத்திலும் வந்தன. கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் போய் அறை எடுத்துப் படிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி கல்லூரிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் மாடு பிடித்துக் கட்ட வீட்டுக்கு வந்துவிடலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படிப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அப்படிப் படித்தவன். 1984இல் பூண்டியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். சேர்க்கைக்கு அப்பாவும் நானும் போனோம். வெளியே பல இடங்களில் ‘டொனேஷன்’ என்ற வார்த்தை புழங்கத் தொடங்கியிருந்த காலம். அப்பா யாரிடமோ கைமாற்று வாங்கி இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். கட்டணத்தைக் கட்டினோம், ரசீது கொடுத்தார்கள். அப்பா நகராமல் நின்றார். “வேற ஏதாவது கட்டணுங்களா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லீங்க, பையனை திங்கக்கிழமை வரச் சொல்லுங்க” என்றார்கள். வெளியே வந்து மரத்தடியில் அப்பா வேட்டி முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிப் பார்த்தார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லையே. இருந்தாலும் எண்ணினார். அன்று மாலையே அந்தக் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பூண்டிக் கல்லூரியை நடத்திவந்த துளசி ஐயா வாண்டையார் 2021இல் காலமானபோது பலரும் எழுதியது இதைத்தான். பல பதவிகள் வகித்தவர், 1991 முதல் 1996 வரை தஞ்சாவூர் எம்.பி.யாக இருந்தவர். அவருடைய கல்லூரியில் நன்கொடை வாங்காமல் சேர்த்தார்கள் என்பதே எல்லோர் நினைவிலும் நின்றது. நிலம் கொடுப்பதும் கட்டடம் கட்டுவதும் ஒரு முறை செய்கிற காரியம். வாசலில் வந்து நிற்பவனிடம் கேட்டால் கொடுத்துவிடுவான் என்று தெரிந்தும் கேட்காமல் இருப்பதை ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் செய்ய வேண்டும்.

இப்போது நான் வேலை பார்ப்பது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், தலைமை ஆசிரியராக. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. இங்கிருந்து வேதாரண்யம் பக்கம். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே உப்புச் சத்தியாக்கிரக நினைவிடத்துக்குக் கூட்டிப்போவேன். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களைத் தண்டிப்பதாக எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. டெல்டாவில் நடந்த கொடைகளில் இதற்கு மேல் ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த யாத்திரை வேதாரண்யத்துக்கு வந்ததில் பெரும் பங்கு வேதரத்தினம் பிள்ளைக்கு. அவரே உப்புத் தொழிலில் இருந்த வசதியான குடும்பத்தவர். உப்பு வரியை எதிர்த்தால் முதலில் அடிபடுவது தன் தொழில்தான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் இறங்கினார். சிறைக்குப் போனார், சொத்து பறிபோனது. பதினாறு வருடம் கழித்து, 1946இல், அதே ஊரில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு உறைவிடம், பள்ளிக்கூடம். சேர்த்ததில் மிஞ்சியதைக் கொடுப்பவர்கள் நிறைய. பறிகொடுத்துவிட்டு, மறுபடி எழுந்து, மறுபடி கொடுத்தவரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் கொடையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட முடியாது. எங்கள் பள்ளியிலிருந்து வடக்கே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அவர்கள் கேட்டது கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். இதே டெல்டாவில்தான் மிராசுதார்கள் சத்திரம் கட்டினார்கள், தேர் செய்து கொடுத்தார்கள், சங்கீதக்காரர்களை வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தத் தர்மத்துக்கான நெல்லை விதைத்து அறுத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சில சத்திரங்களின் பந்தியில் அவர்களுக்கு இடமும் இல்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கொடையாளிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

அந்த நெருப்புக்குப் பிறகு காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு மூலம், நில உடைமையாளர்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து நிலத்தை வாங்கி, நிலமில்லாத குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். விற்றவர்களிலும் நல்ல மனது படைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். என் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு அப்படி வந்த ஒரு ஏக்கர் இருக்கிறது. “அன்னதானத்துல நின்னு வாங்கிச் சாப்பிட்டா ஒரு வேளை சார். இது எம் பேருல இருக்கு” என்று அவர் சொல்லியிருக்கிறார். என் அப்பாவிடம் நான் கேட்ட கேள்விக்கு அவரிடம்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

சரி, பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆறு வருடம் முன்பு ஒரு பெரிய கம்பெனி எங்கள் பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக் கொடுத்தது. மணிக்கு 500 லிட்டர். தனியாக ஒரு சின்ன அறை, டைல்ஸ், நான்கு குழாய், வாசலில் கம்பெனி பெயரோடு பெரிய பலகை. மார்ச் மாதக் கடைசி வாரம் திறப்பு விழா. நிதியாண்டு முடிவதற்குள் படம் அனுப்ப வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். பிள்ளைகள் அன்று குடித்த தண்ணீரை மறக்க மாட்டார்கள். ஒரு பெண் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, “சார், தண்ணி இனிக்குது” என்றாள்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் ஃபில்டர் அடைத்தது, பள்ளி மானியத்தில் ஒரு தடவை மாற்றினோம். மூன்றாம் வருடம், உப்பைப் பிரிக்கிற மெம்பரேன் போனது. மெக்கானிக் 26,000 ரூபாய் சொன்னார். கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையான பையன். “சார், அது உங்க பேருக்கு ஹேண்ட் ஓவர் ஆயிடுச்சு. இந்த வருஷம் எங்க பட்ஜெட் முழுக்க ஹெல்த்துக்குப் போயிருக்கு. நான் மேல கேட்டுப் பார்க்கிறேன்” என்றார். கேட்டும் பார்த்திருப்பார். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் மறுபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொண்டுவராதவர்கள் உப்புத் தண்ணீரைக் குடித்தார்கள்.

எனக்கு அந்தக் கம்பெனி மேல் கோபம் வந்தது உண்மை. அப்புறம் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம். இது வந்த பிறகுதான் எங்கள் வட்டாரத்தில் பல அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குக் கதவு உள்ள கழிப்பறை வந்தது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பணம் வருடக் கணக்கில் ஓடுகிற பணம். தொடர் பணி என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய வருடம் போக மூன்று வருடம்தான். இன்னொன்றும் படித்தேன். ஒரு பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ மூலதனமாக வைப்பு நிதி போட்டு, அதன் வட்டியில் காலத்துக்கும் நடத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு கம்பெனி கொடுத்தால், 2021 ஜனவரியிலிருந்து அது இந்தச் செலவுக் கணக்கில் சேராது. காரணம் புரிகிறது. வைப்பு நிதி என்ற பெயரில் பணத்தை எங்கேயாவது நிறுத்திவைத்து ஏமாற்றுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு மனது கனத்துப்போனது. அதற்குக் காரணம் தஞ்சாவூர் பெரிய கோயில்.

அந்த வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போயிருந்தேன். ராஜராஜன் சொன்னதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டச் சொன்னான். பிள்ளைகள் அதைக் கேட்டதும் தங்கம் எவ்வளவு, நகை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். நான் அவர்களுக்கு விளக்குக் கொடையைப் பற்றிச் சொன்னேன். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமென்றால், கொடுப்பவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடு கொடுத்தார். அந்த ஆடுகளை இடையர்கள் ஏற்றுக்கொண்டு, ஒரு விளக்குக்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றவரின் பொறுப்பு. அதனால் கல்வெட்டில் அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்பு அடையாத பெரிய ஆடுகள்.

சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிய வேண்டிய விளக்குக்கு என்ன செலவு என்று ஆயிரம் வருடம் முன்பு இந்த ஊரில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ஆடு எத்தனை, பால் எவ்வளவு, நெய் எவ்வளவு, யார் அளப்பது, யார் பொறுப்பு. அவரும் ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். கோயில் நிழலில் நின்றுகொண்டு நான் எங்கள் ஆர்.ஓ. அறையை நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு விளக்கைக் கொடுத்தார்கள். ஆட்டைக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்வெட்டின் முடிவில் இன்னொரு வரி வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலை மேல் என்று கொடுத்தவர் சொல்வது. கொடுத்தவர், தனக்குப் பின்னால் என்றோ வரப்போகிற, முகம் தெரியாத ஒரு காவலாளியின் காலைத் தன் தலையில் ஏந்திக்கொள்கிறார். கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சிறியவர் என்ற எண்ணமே அதில் இல்லை.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் டெல்டாவிலேயே கதை இருக்கிறது. பச்சையப்ப முதலியார் சென்னையின் பெரும் செல்வந்தர், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த துபாஷ். தஞ்சை அரசோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். 1794 மார்ச்சில் கும்பகோணத்தில் இருந்தபோது உயில் எழுதினார். அடுத்த சில நாட்களில் திருவையாற்றில் இறந்துபோனார். வயது நாற்பதுதான். சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்த அந்த உயில் பல வருடம் வம்பிலும் வழக்கிலும் கிடந்தது. பொறுப்பில் இருந்தவர்கள் பொறுப்பாக இல்லை. நீதிமன்றம் தலையிட்டு, கடைசியில் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது 1842இல். நாற்பத்தெட்டு வருடம். அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் ஒரு கல்லூரியைத் தொடங்கி, 1929இல் அதைப் பல்கலைக்கழகமாக்கினார். லேவாதேவியிலும் வங்கியிலும் வந்த பணம், சென்னையை விட்டு இவ்வளவு தூரத்தில், வயல்களுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகமானது. தமிழிசைக்கு அது செய்தது தனி அத்தியாயம், இங்கே அடங்காது. பணநெருக்கடி முற்றி 2013இல் அரசு சட்டம் போட்டு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டு மந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி.

கும்பகோணம் டவுன் பள்ளியில் 1950களில் இரண்டு வருடம் படித்த ஒரு பையன் பிற்பாடு எச்.சி.எல். கம்பெனியைத் தொடங்கினார். சிவ் நாடார். 2023–24இல் அவரும் குடும்பமும் கொடுத்தது 2,153 கோடி ரூபாய் என்று ஹுருன் பட்டியல் சொன்னது. இந்தியாவிலேயே அதிகம். அதில் பெரும் பகுதி கல்வி நிறுவனங்களுக்கு. ஒரு முறை கொடுத்துவிட்டு வராமல் தானே கல்லூரியைக் கட்டி, நடத்தி, பார்த்துக்கொள்வது அவர் முறை. எஸ்.எஸ்.என். கல்லூரி 1996இல் தொடங்கியது. ராமானுஜன் படித்த அதே டவுன் பள்ளி என்று என் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பழைய மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க நேர்வழி ஒன்று வந்திருக்கிறது. நல்லது. கொடுக்க வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாம் வருடத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

போன வருடம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் பள்ளிக்கு வந்தார். எங்கள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். பேரனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தவர், குழாயில் தண்ணீர் வராததைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார், மெஷின் ஓடலையா? புதுசு ஒண்ணு வாங்கித் தந்துடவா?”

நான் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. உட்காரவைத்து, ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டினேன். ஃபில்டர் வருடத்துக்கு எத்தனை முறை, மெம்பரேன் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, மெக்கானிக் கூலி எவ்வளவு. மொத்தத்தில் மாதம் 1,500 ரூபாய் நிலையாக வந்தால் போதும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து வந்தார். அவர் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இடம், டீக்கடைக்கு விட்டிருக்கிறார். வாடகை 1,500. “அந்த வாடகை இனிமே பள்ளிக்கூடத்துக்கு சார். எனக்கு அப்புறமும் அப்படியே இருக்கட்டும்” என்றார். மெம்பரேனுக்கு முதல் தடவை ஆன செலவையும் அவரே கொடுத்தார். பத்திரத்தாளில் எழுதி, அவரும் அவர் மகனும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடைக்காரரும் சாட்சி. நான் ஓய்வு பெற்றுப் போனாலும் அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும் என்று அதன் நகலைப் பள்ளிப் பதிவேட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பலகையில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.

“அந்தக் கம்பெனி பேரே இருக்கட்டும் சார். மெஷின் அவங்க வாங்கிக் குடுத்ததுதானே.”

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் டீக்கடைக்காரர் சைக்கிளில் வருவார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, “தண்ணிக் காசு சார்” என்று மேசைமேல் வைப்பார். நான் நோட்டில் வரவு வைத்து, தேதி போட்டு, அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். போகும்போது குழாயடியில் நின்று, கொண்டுவந்த பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவார்.